பானட்டின் இடப்பக்கம் ஒரு பொட்டு

“எண் 17. மோரிஸ் மைனர், முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஒட்டு வேலை: நன்று. உள் அமைப்பு: மிக நன்று. வண்ணப் பூச்சு: பிழை உள்ளது. பானட்டின் இடப்பக்கம் செந்நிறக் கறை, துடைக்கப்படவில்லை.”

1988 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை என்று தேதியிட்ட மதிப்பெண் தாளில் இருப்பது இவ்வளவே. தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழாக்கியது நான். கோலாலம்பூரில் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் மாடல் போட்டி ஒன்று நடந்தது. அதில் வாகனப் பிரிவில் என் காருக்குக் கிடைத்த தீர்ப்பு அது.

துடைக்கப்படவில்லை என்பது உண்மைதான். அந்தக் கறையை அங்கே வைக்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது. நான் ஏன் துடைக்க வேண்டும்?

அசல் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதை 1975 மார்ச்சில் வாங்கினேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தேன். வேலை கிள்ளானில், ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில். இரண்டு பஸ் மாறிப் போய் வந்து அலுத்துப்போய்த்தான் கார் வாங்கினேன். வெளிர் சாம்பல் நிறம், இரண்டு கதவு, எனக்கு முன் மூன்று பேர் ஓட்டியது. பக்கத்து வீட்டு ஆன்டி அம்மாவிடம் வேலியோரம் நின்று, “பொம்பளப் புள்ள தனியா கிள்ளான் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போறாளே, பயமா இல்லையா?” என்று கேட்டார். “எதிர்ல வர்ற லோரிக்காரனுக்குத்தான் பயம்,” என்றார் அம்மா. பதினோரு வருடம் ஓட்டினேன். பெட்ரோல் போட்ட நாள், டயர் மாற்றிய நாள், ஃபெடரல் ஹைவேயில் நின்றுபோன நாள் எல்லாம் என் நாட்குறிப்பில் உண்டு.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு காரைக் கழுவி வீட்டுமுன் நிறுத்தினோம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மறுநாள் காலை நான் ஹைவேயில் போனால் குங்குமம் காற்றில் பறந்துவிடுமே என்று அம்மாவுக்கு ஒரு கவலை. அதனால் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வைத்துவிட்டார். “தானா போற வரைக்கும் யாரும் துடைக்கக் கூடாது” என்று கட்டளையும் போட்டார்.

அது தானாகப் போகவில்லை. பழைய வண்ணம் சுண்ணாம்புபோல் பூத்துக் கிடந்தது. எண்ணெயை அப்படியே குடித்தது. நாள் முழுக்க மருத்துவமனை வாகன நிறுத்துமிடத்து வெயில் வேறு. எட்டாம் நாள் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். குங்குமம் துணியில் வந்தது, சிவப்பு பானட்டில் நின்றது.

உண்மையை எழுத வேண்டும்: அதைப் போக்க நானும் முயன்றேன். பற்பசை போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் போட்டேன். 1976 ஜனவரியில் சுங்கை வேயில் ஒரு ஸ்பிரே பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் பானட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அக்கா, இந்த இடத்துல மட்டும் அடிச்சா திட்டுத் திட்டா தெரியும். முழு பானட்டும் அடிக்கணும். பானட் அடிச்சா மத்ததெல்லாம் பழசா தெரியும். அப்புறம் முழு காரும் அடிக்கணும்.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கே. வருசா வருசம் அதே இடத்துல பொட்டு வைங்க. கறைன்னு யாரு சொல்லப் போறா?”

அவர் கேலியாகச் சொன்னார். அம்மா அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். அடுத்த பத்து ஆயுத பூஜையிலும் அதே இடத்தில் எண்ணெய்க் குங்குமம். “இடம்தான் ஏற்கெனவே இருக்குல்ல” என்பார். கார் நிற்குமிடத்தில் வலப்பக்கம் சுவர். அம்மா இடப்பக்கம் நின்றுதான் கை நீட்ட முடியும். அவருடைய உயரம் நான்கு அடி பத்து அங்குலம். ஆகவே பொட்டு பானட்டின் நடுக்கோட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. காரை விற்பதற்கு முந்தின நாள் அளந்து எழுதி வைத்தேன்: நடுக்கோட்டிலிருந்து இடப்புறம் ஆறு அங்குலம். குறுக்களவு மூன்று அங்குலம். ஓரம் மஞ்சள், நடு செங்கல் நிறம்.

மருத்துவமனையில் அதற்குப் பெயர் பொட்டு கார். ஊழியர்கள் அப்படித்தான் சொல்வார்கள்: “பொட்டு கார் வந்துருச்சு, ஃபைல் ரூம் தொறந்திருக்கும்.” 1979இல் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்தபோது, என் மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் காரைப் பின்பக்கம் நிறுத்தச் சொன்னார். அடிபட்ட கார் மாதிரி இருக்கிறதாம். அடிபடவில்லை என்றேன். பார்க்க அப்படி இருக்கிறதே என்றார். மறுநாள் ஆறே முக்காலுக்கே வந்து, வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தினேன். அதிகாரிகள் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சுங்கை வே பட்டறையில் வண்ணம் அடிக்கும் நினைப்பு அன்றோடு எனக்கு விட்டுப்போனது.

1986இல் அடித்தகடு துருப்பிடித்து, மழை நாளில் என் செருப்பு நனைய ஆரம்பித்தது. பண்டமாரானிலிருந்து ஒருவர் உதிரிப் பாகங்களுக்காக வாங்கிப்போனார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில், அந்த வணிக வளாகத்தில் மாடல் சாமான் விற்கும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதே காரைப் பெட்டியின்மேல் படமாகப் பார்த்தேன். இரண்டு கதவு, அதே வளைந்த முதுகு. கடை முதலாளியான டவுக்கே பெட்டியை எடுத்துக்கொடுத்து, பையனுக்கா என்று மலாயில் கேட்டார். எனக்கு என்றேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பசைக் குழாயையும் அரை விரல் உயர எனாமல் டின்களையும் எடுத்து மேசையில் வைத்தார். “மிஸ், பஸ்ட் டைம் ஆ? ஸ்லோ ஸ்லோ லா,” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்போல் தொங்கிக்கொண்டு வரும். நகவெட்டியால் வெட்டி, உப்புத்தாளால் காம்பைத் தேய்த்து, பசையை ஊசிமுனையால் தொட்டு வைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் பசை பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். முதல் கதவை அப்படித்தான் கெடுத்தேன். இரண்டாவது பெட்டி வாங்கினேன். தம்பி சாப்பாட்டு மேசையில் இடமில்லாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

“ஏன்கா, நெஜக் காரு ஓட்டுனப்பகூட இவ்ளோ நேரம் அதுக்குள்ள நீ இருந்ததில்ல.”

“உன் சட்டைக் கைய பார்த்து வை. சக்கரம் ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டும். அப்படியே கிள்ளானுக்குப் போயிடுவேன்.”

பம்பருக்கும் விளக்கு வளையத்துக்கும் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைத் தேய்த்து ஒட்டினேன். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் என் காரில் இருந்த கிழிசலை பிளேடால் கீறினேன். டேஷ்போர்டில் என் பிள்ளையார் ஒன்றரை அங்குலம்; மாடலில் அது கடுகளவு. கடுகையே எடுத்து, ஒரு பக்கம் சீவி, துதிக்கைக்கு மயிரிழையில் ஒரு கோடு போட்டு ஒட்டினேன். கண்ணாடியில் தொங்கும் பூச்சரத்துக்கு வெள்ளை நூலில் பதினாறு முடிச்சு. இதெல்லாம் நான்கு மாதத்தில் முடிந்தது.

பொட்டுதான் முடியவில்லை. ஜூன் 19இல் தொடங்கினேன். பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடிகளில் அதே சாம்பல் எனாமலை அடித்து, அவற்றில் பழகினேன். முதலில் சிவப்பு எனாமலை தின்னரில் கரைத்துத் தொட்டேன், ரத்தம்போல் வழிந்தது. பிறகு பூஜை அறைக் குங்குமத்தையே தூவினேன். கார் முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஆகிவிட்டாலும் குங்குமத்தின் துகள் அதே அளவில்தான் இருக்கிறது. பானட்டில் கருங்கல் ஜல்லி கொட்டியதுபோல் தெரிந்தது. மூன்றாவதாக நல்லெண்ணெயில் குழைத்தேன். மூன்று வாரமாகியும் காயவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, “எண்ணெய ஜாஸ்தி ஊத்திட்ட” என்றார், தான் எப்போதும் அளவாகத்தான் ஊற்றியதைப்போல.

விடை தலைகீழாக இருந்தது. கறை மேலே வைப்பதல்ல, அடியிலிருந்து வருவது. முதலில் செங்கல் நிறம், அதைச் சுற்றிச் சந்தன நிறம், இரண்டும் காய்ந்தபின் அதன்மேல் முழு பானட்டுக்கும் மெல்லிய சாம்பல். இரண்டு நாள் கழித்து, மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அந்த இடத்தை மட்டும் விரல்நுனியால் தேய்த்தால் சாம்பலுக்குள்ளிருந்து சிவப்பு மெல்ல எழும்பும். ஒரு தேய்ப்பு அதிகமானால் மறுபடி முதலிலிருந்து. ஆகஸ்ட் 7 அன்று சரியாக வந்தது. நடுக்கோட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் இடப்புறம், குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். “நான் வெச்சதுதான்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மோட்டார்சைக்கிளில் என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனான். நாற்பதுக்கு மேற்பட்ட மாடல்கள். பெண்ணாக நான் ஒருத்திதான். நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் விளம்பரத் துறையில் இருந்தவர், ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். இரண்டாமவர் நம் கடை டவுக்கே. மூன்றாமவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், அரசாங்கப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ரயில் மாடல்கள் செய்பவர் என்று டவுக்கே சொன்னார்.

மூன்று மணிக்குப் பெரியவர் என்னிடம் தனியாக வந்தார். முடிவு ஐந்து மணிக்கு.

“பிள்ளை, உம்மட கார்தான் இந்த மேசையில முதல். ஆனா அந்தச் சிவப்பு... பெயிண்ட் பிழை எண்டு எழுதியாச்சு. ஒரு துணியில தின்னரைத் தொட்டுத் துடைச்சுவிடும். நான் திருப்பி மார்க் போடச் சொல்லுறன்.”

“அது பிழை இல்ல அங்கிள். குங்குமம்.”

“எனக்குத் தெரியும், என்னெண்டு.”

“அப்போ அவங்ககிட்ட நீங்க சொல்லலாமே.”

அவர் மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “இதெல்லாம் அங்க சொல்லுற விசயமே, பிள்ளை? நான் முப்பது வருசம் அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போகேக்க, வாசல்ல வைச்சுத் திருநீறை அழிச்சுப்போட்டுத்தான் உள்ள போனனான். அதால எனக்கு ஒரு குறையும் வரேல்லை.”

தம்பி என் முழங்கையை இடித்தான். “துடைச்சிடுக்கா. வீட்டுக்குப் போயி திரும்பப் போட்டுக்கலாம். கப்ப வாங்கிட்டுப் போவோம்.”

திரும்பப் போடலாம்தான். இன்னும் ஏழு வாரம் ஆனாலும் அது பெரிதில்லை. அந்தத் தாளில் பிழை என்று எழுதியிருப்பது என் தூரிகையைப் பற்றி அல்ல, என் அம்மாவின் கையைப் பற்றி. நான் துடைத்தால் அது பிழைதான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். நான் தலைமை நடுவரிடம் நேராகப் போனேன்.

நடந்த பேச்சை அன்றிரவே எழுதி வைத்திருக்கிறேன். அது வேண்டுமென்றே வைத்தது, எங்கள் வழக்கப்படி ஆண்டுதோறும் வாகனத்துக்கு வைப்பது, என் காரில் பதினோரு வருடம் இருந்தது என்று சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். தொழிற்சாலையிலிருந்து கார் இப்படி வராதே என்றார். பக்கத்தில் நின்ற ஜீப்பைக் காட்டினேன். அதன் சக்கரத்திலும் கதவிலும் அற்புதமாகச் சேறு பூசியிருந்தது. அதற்காகவே கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

“சேறும் தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை,” என்றேன்.

“சேறு எல்லாருக்கும் புரியும்,” என்றார்.

“இது புரிகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.”

அவர் குனிந்து பூதக்கண்ணாடியால் பார்த்தார். “அலங்காரம் என்றால் நடுவில் அல்லவா இருக்க வேண்டும்? இது ஒருபக்கமாக இருக்கிறதே.”

“என் அம்மா நான்கு அடி பத்து அங்குலம்,” என்றேன்.

டவுக்கே வாய்விட்டுச் சிரித்தார். தலைமை நடுவர் சிரிக்கவில்லை. விதிகள் விதிகள் என்றார். பெரியவர் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். டவுக்கே என் பக்கம்; பெரியவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டுக்கு ஒன்று என்று ஆகியிருக்கும். அவரைப் பார்த்தே நின்றேன். அவர் கடிகாரச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

டவுக்கேயின் கடையிலிருந்து ஒரு அட்டை வாங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்: “பானட்டில் இருப்பது குங்குமம். பிழை அல்ல. என் தாயார் 1975 முதல் ஆண்டுதோறும் வைத்தது.” அதைக் காருக்கு முன்னால் நிறுத்தினேன். மேசைப் பொறுப்பாளர் ஒருவர் வந்து, விளக்க அட்டைகளுக்கு அனுமதியில்லை என்று எடுத்துவிட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை நான் அட்டையை மேசையில் வைக்கவில்லை. மார்புக்கு நேரே கையில் பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றேன். மேசையில் இல்லாத அட்டையை அவரால் எடுக்க முடியவில்லை. தம்பி மூன்று கடை தள்ளிப் போய், என்னைத் தெரியாதவன்போல் நின்றுகொண்டான்.

ஐந்து மணிவரை நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பலர் வாசித்துவிட்டுப் போனார்கள், சிலர் கேள்வி கேட்டார்கள். ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிதான் முதலில் பார்த்தார்.

“ஏங்க, இங்க வாங்களேன். காருக்குப் பொட்டு வெச்சிருக்காங்க!”

“ஆமா லா, நம்ம வேன் மாதிரியே. எலுமிச்சம்பழம் எங்க?”

“அது எப்பவோ நசுங்கியிருக்கும். என்னங்கக்கா?”

“நசுங்கிடுச்சு,” என்றேன்.

முதல் பரிசு ஜீப்புக்குப் போனது. சேறு நன்றாகவே பூசப்பட்டிருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். என்னிடம் மதிப்பெண் தாளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். “பெற்றுக்கொண்டேன், ஏற்கவில்லை” என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்டேன். பெரியவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

1989 போட்டியின்போது நான் கேரி தீவில் ஒரு உறவினர் திருமணத்தில் இருந்தேன், கலந்துகொள்ளவில்லை. 1990 தொடக்கத்தில் எனாமல் வாங்கப் போனபோது டவுக்கே ஒரு செய்தி சொன்னார். 1989 விதித்தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்களாம்: வாகனத்தின்மேல் பயன்பாட்டினாலோ வழக்கத்தினாலோ ஏற்பட்ட அடையாளத்தை, போட்டியாளர் எழுத்தில் குறிப்பிட்டால், பிழையாகக் கொள்ளக் கூடாது. அந்த வரியை எழுதிக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர்தானாம். கூட்டத்தில் ஒரு மணி நேரம் விடாமல் வாதாடினாராம். அவரா என்று இரண்டு முறை கேட்டேன். அவர்தான் என்றார் டவுக்கே.

அந்தத் தாளின் பிரதியைக் கேட்டேன். கடை இடம் மாறியபோது தொலைந்துவிட்டது என்றார். 1989இல் கலந்துகொண்ட இருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒருவர் அப்படி ஒரு வரி இருந்ததாகச் சொன்னார், மற்றவர் இல்லவே இல்லை என்றார். பெரியவரின் வீட்டு முகவரி கிடைத்து நான் போனபோது, அவர் காலமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவருடைய மகளுக்குப் போட்டியைப் பற்றி எதுவும் தெரியவில்லை. 1989 விதித்தாளில் அந்த வரி இருந்ததா, இருந்திருந்தால் அதை எழுதியவர் அவர்தானா என்ற இரண்டையும் இதை எழுதும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.